பிடியரிசிச் சோறு

எங்கள் சபையின் ஆண்டு விழா மலருக்கு, சபை செய்த சமூக சேவையைப் பற்றி ஒரு கட்டுரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதில் இந்தக் கதை இல்லை. எழுதியிருந்தால் பாஸ்டர் பாவம், போடவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் முழித்திருப்பார்.

மலரில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் கடைவீதி இரைச்சலுக்குள்ளே நிற்கிற கல் கட்டிடம் எங்கள் கோயில். வெள்ளைக்காரப் பாதிரி காலத்தில் கட்டியது. நாங்கள் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள். குழந்தை தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. வளர்ந்து, புத்தி தெரிந்து, தானாகக் கேட்டு வந்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் தொட்டியில் இறங்கி முழுகி எழ வேண்டும். பிரசங்க மேடைப் பலகைகளைத் தூக்கினால் கீழே அந்தத் தொட்டி இருக்கும். பஞ்ச காலத்தில் கோயில் வாசலில் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். தறி நெய்கிறவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்து வராண்டாவில் படுத்துக் கிடக்கிறவர்களுக்குத் தயிர்சாதம் போகிறது. கொரோனாவில் சொந்தப் பிள்ளைகளே கிட்டப் போகப் பயந்த உடல்களை எங்கள் வாலிபர்கள் போய் அடக்கம் செய்தார்கள். ‘நாங்கள் கொடுத்தோம், நாங்கள் செய்தோம்’ என்று கை நிற்காமல் எழுதிக்கொண்டே போனேன். பிடியரிசி என்ற இடத்துக்கு வந்தபோது மட்டும் பேனா நின்றுவிட்டது. நாலு வரியில் முடித்துவிட்டு எழுந்துபோய் காப்பி போட்டேன்.

பிடியரிசி என்றால் எங்கள் சபைப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பின்பக்க அறையில் இருக்கிற பெரிய தகர டின்னில் கொட்ட வேண்டும். அந்த அரிசி கஷ்டப்படுகிற வீடுகளுக்குப் போகும். பிடிக்குப் பிடி சேர்வதில் கொடுத்தவள் பெயரும் தெரியாது, வாங்கியவள் பெயரும் தெரியாது. தானாக வந்து கேட்கிறவர்களுக்கு அந்த அறையிலேயே அளந்து கொடுப்போம்; மற்றபடி எந்தெந்த வீட்டுக்குப் போகிறது என்பது பாஸ்டரம்மா ஒருவருக்குத்தான் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் அவரே ஸ்கூட்டியில் போய், துணிப்பையில் கட்டி, கேட்டில் மாட்டிவிட்டு வந்துவிடுவார். கதவைத் தட்டமாட்டார்.

கேட்டால் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். அது பிறகு எனக்கே நடந்தது.

நான் இந்தச் சபையில் பிறந்தவள் இல்லை. சேந்தமங்கலம் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் தோட்டங்காடு உள்ள வீட்டுப் பெண். இவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். இவர் பரம்பரையாக இந்தச் சபைக்காரர். லாரிக்கு வயரிங் வேலை செய்கிறவர். நான் கல்யாணத்துக்காக மதம் மாறவில்லை. கட்டிக்கொண்டு சில வருஷம் சும்மா பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு நானாகப் போய்க் கேட்டுத்தான் தொட்டியில் இறங்கினேன். ஆனால் ஊரில் யார் நம்புவார்கள்? என் அண்ணன் சந்தைக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னாராம்: “சோத்துக்கு வேதத்துல போயி உழுந்துட்டா. இனி அவ எனக்குத் தங்கச்சியில்ல.”

எங்கள் வீட்டில் சோற்றுக்கு என்ன குறை? ஆள் அம்பு வந்து சாப்பிட்டுப் போன வீடு அது. காதலுக்குப் போனாள், கொழுப்பெடுத்துப் போனாள் என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சோற்றுக்குப் போனாள் என்று சொன்னதுதான் ஆறவில்லை. அன்றைக்கே மனசுக்குள் ஒரு வீம்பு வைத்துக்கொண்டேன். இந்தச் சபையிலிருந்து ஒரு பருக்கை வாங்கித் தின்னமாட்டேன், கொடுக்கிறவளாகத்தான் இருப்பேன் என்று. கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் கொடுக்கிற கேக்கைக்கூட நான் வாங்கி, பக்கத்தில் இருக்கிற குழந்தை கையில் கொடுத்துவிடுவேன். பிடியரிசி டப்பாவில் மட்டும் என் பிடி பெரிய பிடியாக இருக்கும். என் கை சின்னது, அதனால் குவித்துப் போடுவேன். இது பக்தி என்று நான் சொல்லமாட்டேன்.

இவருக்குப் பக்கவாதம் வந்தது ஒரு வேலைநாளில். லாரி கேபினுக்குள் படுத்துக்கொண்டு வயர் இழுத்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை பட்டென்று விழுந்துவிட்டது. வாயும் கோணிப்போனது. உயிர் பிழைத்தார், நடக்கவும் தேறினார். ஆனால் கை வரவில்லை. பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தையாகத்தான் வரும். நான் அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறேன். அதில் வாடகைக்கும் மாத்திரைக்கும் போக மிச்சம் என்பது பேச்சுக்குத்தான். யாரிடமும் சொல்லவில்லை. கோயிலுக்கு இஸ்திரி போட்ட சேலையில்தான் போனேன். கேட்டவர்களிடம் “கர்த்தர் நடத்தறாருங்க” என்றேன். அதையும் கொஞ்சம் மிடுக்காகவே சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டியூசன் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கேட்டைச் சாத்தப் போனபோது அதில் பை தொங்கியது.

அந்தப் பையை எனக்குத் தெரியாதா? சபைத் தையல் வகுப்பில் தைத்த பை. அந்தப் பைகளில் எத்தனையோ முறை நானே அரிசி அளந்து போட்டு வாயைக் கட்டியிருக்கிறேன். எனக்குக் காதெல்லாம் சுட்டது. தெருவில் யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திருடி மாதிரி உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். மறுநாள் அதை வேறொரு பைக்குள் மறைத்து எடுத்துப் போய் பாஸ்டரம்மாவிடம் நீட்டினேன்.

“வீடு மாறி வந்துடுச்சும்மா.”

அவர் பையைத் தொடவே இல்லை. “எனக்கொண்ணும் தெரியாதே. உங்க கேட்டுல தொங்கினா அது உங்களதுதானே?” என்று சொல்லிவிட்டு, பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார். நான் அந்தப் பையோடு ஆராதனை முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் என்ன என்று கேட்டால் தெரியாது. திரும்ப டவுன் பஸ் ஏறி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கு மத்தியானம் அதைத்தான் சமைத்தேன். வேறு அரிசி இல்லை.

சமைத்துப் பார்த்தால்தான் தெரியும் அந்தக் கூத்து. அத்தனை வீட்டு அரிசியும் ஒன்றாகக் கிடக்கும். ரேஷன் அரிசி இருக்கும், பொன்னி இருக்கும், இட்லி அரிசி இருக்கும், டாக்டர் வீட்டுப் பாஸ்மதிகூட நீளநீளமாக நடுவில் படுத்திருக்கும். பொன்னி வெந்து குழையும்போது இட்லி அரிசி கல்லாக முழித்துக்கொண்டிருக்கும். அது வேகட்டும் என்று விட்டால் மற்றதெல்லாம் கூழ். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, எங்கள் வீட்டுப் பானைக்கு அந்தப் பழமொழி செல்லாது. இவர் மட்டும் இடது கையால் பிசைந்து ருசித்துச் சாப்பிடுவார். சின்ன வயசில் அப்பா இல்லாமல் வளர்ந்தவர், இந்தச் சோற்றில்தான் வளர்ந்தாராம். அவருக்கு அது அம்மா கைச்சோறு மாதிரி. எனக்கு ஒவ்வொரு வாயும் முழுங்குவது மாத்திரை முழுங்குவது மாதிரி இருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உலை வைத்தேன்.

இப்படிச் சில மாதம் போனது. அப்போதுதான் அண்ணன் வந்தார்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட என் வாசப்படி மிதிக்காத மனுஷன். மகளுக்குக் கல்யாணம். அத்தையைக் கூப்பிடாவிட்டால் மணவறையில் உட்காரமாட்டேன் என்று அவள் அடம் பிடித்திருக்கிறாள். காரை மெயின்ரோட்டில் விட்டுவிட்டு, கையில் பத்திரிகையும் பழத்தட்டுமாக மத்தியான நேரத்தில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது. எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

“என்னம்மிணி, உள்ள வரச் சொல்ல மாட்டியா?”

“வாங்ணா, வாங்க” என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் இவரைப் பார்த்தார், மடியில் கிடந்த கையைப் பார்த்தார். அவருக்கு விஷயமே தெரியாது. “ஏனுங்க மாப்ள, இப்படி ஆயிப்போச்சா” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்ள என்று அவர் சொல்லிக் கேட்க நான் தலைமயிர் நரைக்கிறவரை காத்திருந்தேன். இவர் சிரித்துக்கொண்டே “மச்சான்” என்றார். அது தெளிவாக வந்தது.

சாப்பாட்டு வேளையில் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் எங்கள் பக்கம் அதைவிட அவமானம் கிடையாது. அதுவும் இத்தனை வருஷம் கழித்து வந்த அண்ணனை! கடையில் போய் நல்ல அரிசி வாங்கி வரலாம் என்று பார்த்தால், கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று அவர் அவசரப்படுத்துகிறார். சமையலறையில் முறத்தை வைத்துக்கொண்டு இட்லி அரிசியைப் பொறுக்கிப் பொறுக்கி ஒதுக்கினேன். பொறுக்கி முடிகிற காரியமா அது? கர்த்தரே, இந்த ஒரு நேரம் மட்டும் சோறு ஒன்றுபோல வெந்து வரட்டும் என்று ஜெபம் பண்ணினேன். இதற்கெல்லாம் ஜெபம் பண்ணுவார்களா என்று கேட்காதீர்கள், நான் பண்ணினேன்.

வரவில்லை. வழக்கம்போலத்தான் வந்தது.

குழம்பை நிறைய ஊற்றினேன், சோறு தெரியாதபடி. அண்ணன் நெல் விளைவிக்கிறவர். விரலில் பட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு உருண்டை வாயில் போட்டார், மென்றார், தட்டைப் பார்த்தார். எங்கள் ஊரில் பல தினுசு அரிசி கலந்துபோனால் கோழிக்குத்தான் போடுவோம்.

“இதென்ன அரிசிம்மிணி?”

“ரேஷனுங்ணா. இந்த மாசம் ஒரு மாதிரியா போட்டுட்டாங்க.”

அதோடு முடிந்திருக்கும். ஆனால் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாரே. என் பேச்சில் ஏதோ தப்பு இருக்கிறது, திருத்த வேண்டும் என்று நினைத்தாரோ, இல்லை, தன் சபையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ, வாயைக் கூட்டிக் கூட்டி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: “சபை... அரிசி. பிடி... பிடியரிசி.” இடது கையைக் குவித்து ஒரு பிடி காட்டினார்.

அண்ணன் கை சோற்றில் அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலாம். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்கள், அப்படித்தான் இருந்தது எனக்கு. அவர் அன்றைக்குச் சந்தைக்கடையில் சொன்ன வார்த்தை உண்மையாகித் தட்டில் அவர் முன்னாலேயே கிடக்கிறது, நானே பரிமாறியிருக்கிறேன். அவர் தட்டில் போட்டதை ஒரு பருக்கை விடாமல் தின்றார், கை கழுவினார், “வாரேன் சாமி, கல்யாணத்துக்கு முந்தியே வந்துரு” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ‘சாமி’யைக் கேட்டதும் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. நோய்க்காரியிடம் பேசுகிற குரல் அது.

இவரிடம் அன்றைக்கு நான் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். “வாய் வராத மனுசனுக்கு அது மட்டும் எப்படிங்க வந்துச்சு?” என்றேன். அவருக்குக் கடைசிவரை புரியவில்லை, நான் எதற்கு அழுகிறேன் என்று.

அந்தச் சனிக்கிழமை கேட்டில் பை இல்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. நடுவில் அண்ணன் தோட்டத்திலிருந்து ஒரு வண்டி வந்து ஒரு மூட்டை பொன்னியை இறக்கிவிட்டுப் போனது. ஒரே அரிசி, வெள்ளை வெளேரென்று. சோறு மல்லிகைப்பூ மாதிரி உதிர்ந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பிறந்த வீட்டு அரிசி. பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு அரிசி வருவது பிச்சையில்லை, சீர். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மருமகள் மணவறையிலிருந்தே என்னைப் பார்த்துக் கை காட்டினாள். எல்லாம் நல்லபடியாக இருந்தது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா ஒருவர், நான் யார் என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணி கெட்டவள் இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள்: “இது எங்க நாத்தனாருங்க. வேதத்துல போயிட்டாங்க. அங்க பாருங்க, பிச்சையரிசி போட்டிருக்கறாங்க. கேட்டதும் இவங்க அண்ணனுக்கு ரத்தம் கொதிச்சுப் போயி, அன்னைக்கே கோயிலுக்கே போயி, எங்க ஊட்டுப் பொண்ணுக்கு இனி ஒருத்தரும் அரிசி தரவேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்தாருங்க. இப்ப நாங்கதான் அனுப்பறோம்.”

இலையில் ஆறு வகைக் கூட்டு இருந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எதிர்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் என் இலையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பை ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சபையில் ஒரு மனுஷிக்கும் தெரியாமல் கேட்டில் தொங்கிய விஷயம், இங்கே பந்தி நடுவில் பாயசத்தோடு பரிமாறப்படுகிறது. அண்ணனை நான் குற்றம் சொல்ல முடியாது. வீம்பு எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

மூட்டை அடியைத் தொட்டபோது அண்ணன் போன் செய்தார்.

“அரிசி தீந்திருக்குமே, அடுத்த மூட்டை அனுப்பட்டுமா?”

“வேண்டாங்ணா. இருக்குது.”

“நெசமாலுமா?”

“ஆமாங்ணா. நிறைய இருக்குது.”

போனை வைத்துவிட்டு டின்னைத் திறந்து பார்த்தேன். இரண்டு வேளைக்கு வரும். பேசாமல் வாங்கித் தொலைத்திருக்கலாம். நாத்தனாருக்கு நாங்கள்தான் அனுப்புகிறோம் என்று ஊர் முழுக்கச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், வயிறு நிறையுமே. அந்த வாய்க்குப் பயந்து சபைப் பக்கம் போனால், அங்கே என்ன வாழுதாம்? பை தானாக வந்த வரைக்கும் ‘நான் கேட்கவில்லை, அவர்களாகத் தொங்கவிட்டார்கள்’ என்று என்னை நானே தட்டிக்கொடுக்க முடிந்தது. இனி அது வராது. வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். அண்ணனிடம் ‘அனுப்புங்ணா’ என்று ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் பாஸ்டரம்மாவிடம் ‘கொடுங்கம்மா’ என்று ஒரு வார்த்தை. எந்த வார்த்தை கொஞ்சமாக வலிக்கும் என்று இரண்டு நாள் யோசித்தேன். அண்ணன் கொடுக்கிற அரிசி எங்கள் வீட்டுக் கௌரவத்துக்காக வருகிறது, எனக்காக இல்லை. அது மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பின்பக்க அறைக்குப் போனேன். பாஸ்டரம்மா தனியாக இருப்பார், காதோடு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்கென்று பெண்கள் ஐக்கியம் முழுக்க அங்கே இருந்தது. டின்னைச் சுற்றி உட்கார்ந்து பைகளில் அளந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள், நானும் அளக்கத்தான் வந்திருக்கிறேன் என்று. இன்னொருத்தி என் கையில் படியைக் கொடுத்தாள். உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உட்கார்ந்திருந்தால் என்னைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

படியைத் திருப்பிக் கொடுத்தேன்.

“அம்மா, எங்க வீட்டுக்கு அரிசி வேணும்” என்றேன்.

நான் டியூசன் எடுக்கிறவள். மெதுவாகச் சொன்னாலும் என் குரல் கடைசி பெஞ்சுவரை போகும். அளந்துகொண்டிருந்த கைகள் நின்றன. பாஸ்டரம்மா எழுந்து வந்து தோளைத் தட்டுவார், வெளியே கூட்டிக்கொண்டு போய், ‘இதையெல்லாம் இங்கே சொல்வாங்களா, நான் பாத்துக்கமாட்டேனா’ என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதை எதிர்பார்த்ததும்கூடப் பழைய வீம்புதான். அவர் எழவில்லை. ஒரு காலிப் பையை எடுத்து மடியில் வைத்து வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வியை, எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

பக்கத்தில் நின்று இதே கேள்வியை நானும் எத்தனையோ பெண்களிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொல்வதற்குள் அவர்கள் ஏன் தரையைப் பார்க்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வரும். சட்டென்று சொன்னால் என்ன, நேரமாகிறதே என்று நினைப்பேன்.

“ரெண்டு பேருங்க” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.